தொண்டையெல்லாம் கட்டி இருக்கு

"மறைச்சு வச்சு என்ன ஆகப்போகுது? தொண்டையில கட்டின்னா சும்மாவா? கூடப் பொறந்தவ நான், எனக்கே தெரியக்கூடாதா?"

"ஐயோ அண்ணி, கொஞ்சம் மெல்லப் பேசுங்க. அவரு வர்ற நேரம்."

"அப்ப அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"என்னத்தச் சொல்றது? சும்மா ஒரு செக்கப்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க தம்பி தைரியம் உங்களுக்குத் தெரியாததா? ஊசின்னாலே வாசல் வரைக்கும் ஓடுற ஆளு. இதெல்லாம் அவரு காதுல விழுந்துச்சு, வியாழக்கிழமை ஆஸ்பத்திரி இருக்கற திசைக்கே வரமாட்டாரு."

"நெஞ்சுல கல்லை வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுற நீ?"

அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

வெளியே செருப்பைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். உள்ளே சமையலறையில் பேசிக்கொண்டிருந்தது அவர் மனைவியும் அவருடைய அக்காவும். அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வருகிற ஆளே இல்லை. வருவதற்கு ஒரு வாரம் முன்பே, எந்தத் தலையணை வேண்டும் என்பது வரை போனில் சொல்லிவிட்டுத்தான் வருவாள். அவள் இப்படித் திடுதிப்பென்று வந்து அழுகிறாள் என்றால்?

கட்டி. தொண்டையில கட்டி. அவர்கிட்ட சொல்லலை.

முன்னெல்லாம் என்றால் இந்தப் பேச்சே அவர் காதில் விழுந்திருக்காது. தெருமுனையில் திரும்பும்போதே "ஏய், தண்ணி கொண்டா!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவர் வாசலை மிதிக்கும்போது சொம்பு வாசலில் இருக்கும். இப்போது குரல் இல்லை. பூனை மாதிரி வருகிறார், பூனை மாதிரி போகிறார்.

அவர் கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்றில் பயிற்சியாளர். அங்கே எல்லோருக்கும் அவர் 'சங்கு'. ஆலைச் சங்கு மாதிரி குரல் என்பதால் வந்த பேர். மற்ற பயிற்சியாளர்கள் கழுத்தில் விசில் தொங்கும். இவர் கழுத்தில் ஒன்றும் கிடையாது. "விசில் எல்லாம் மூச்சு இல்லாதவனுக்கு" என்பார். இந்தக் கரையில் நின்று "முட்டியை மடக்காதே!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் அந்தக் கரையில் நீந்துகிறவர் முட்டியை நிமிர்த்துவார். சம்பந்தமே இல்லாமல் உடை மாற்றும் அறையில் நிற்பவரும் நிமிர்த்துவார்.

அந்தத் தொண்டைக்குத்தான் ஏழெட்டு வாரமாக இந்தக் கதி. முதலில் சளி என்று நினைத்தார். சளி போய்விட்டது, வலி போகவில்லை. காலையில் எழுந்தால் மணலை விழுங்கின மாதிரி இருக்கும். உள்ளே ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு. "ம்க்கும், ம்க்கும்" என்று செருமிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் ஆனால் குரல் ஓட்டைப் பானையில் காற்றடித்த மாதிரி ஆகிவிடும்.

கைவைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தார். வெயில் காலத்தில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போய் எல்லோர் வாயிலும் விழுந்தார். புதினா மிட்டாய் ஒன்று எப்போதும் கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். அது கரைந்ததும் அடுத்தது. கடைசியில், குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் பேர்வழி என்று வீட்டில் கிசுகிசுவென்று மட்டுமே பேச ஆரம்பித்தார். "என்னங்க இது, திருட வந்தவன் மாதிரி" என்று மனைவி சிரித்தாள்.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார், மருந்தை மாற்றிப் பார்த்தார். போன வாரம் கழுத்தைத் தடவிவிட்டு, "குரல் கம்மி மூணு வாரத்தைத் தாண்டிட்டா தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடணும்." என்றார். இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். மனைவி மட்டும் உள்ளே கொஞ்ச நேரம் நின்றாள். "என்ன அவ்வளவு நேரம்?" என்று கேட்டதற்கு, "எந்த ஆஸ்பத்திரி, என்னிக்கு வர்றதுன்னு கேட்டேன்" என்றாள்.

இப்போது புரிந்துவிட்டது என்று நினைத்தார், அவள் எதைக் கேட்டாள் என்று.

செருப்பை மறுபடி மாட்டி, வாசல் வரை போய், கேட்டைப் படாரென்று சாத்தித் திரும்ப வந்தார். உள்ளே பேச்சு டக்கென்று நின்றது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாடா தம்பி. என்னடா இப்படி இளைச்சுட்ட?"

போன மாதம்தான் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார், வயிறு பெருத்ததால். அக்காவின் பார்வை முகத்தில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கியதைப் பார்த்தார்.

சாப்பிடும்போது அக்கா சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து தட்டில் வைத்தாள். ஃபேனுக்கு நேரே இருக்கிற நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். சின்ன வயதில் அந்த மாதிரி நாற்காலிக்கு அவர் மண்டையில் குட்டினவள். மனைவியோ ஒரு சண்டைக்கும் வரவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். சும்மா எடுத்துக் காயப்போட்டாள். அவருக்குப் பகீரென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஈரத் துண்டை அவள் வாயை மூடிக்கொண்டு எடுத்ததே இல்லை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தார். நடுவில் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. விழுங்கினால் மேலே போனது, கீழே வந்தது. வேர்த்துவிட்டது. அது மீசை முளைத்த வயதிலிருந்து அவர் கழுத்தில் இருக்கிற குரல்வளை என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. நினைவுக்கு வந்த பிறகும் நிம்மதி வரவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்குமோ? போனில் தேடினார். ஒரு பக்கம் படித்தார், ரெண்டாவது பக்கம் பாதியில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் மனைவியைக் கூப்பிட்டு மெயின் ஸ்விட்ச்சைக் காட்டினார்.

"இது ட்ரிப் ஆனா முதல்ல இதை இறக்கிட்டு அப்புறம் ஏத்தணும். மோட்டார் காத்து வாங்கிடுச்சுன்னா இந்த மூடியைத் திறந்து தண்ணி ஊத்து" என்று கிசுகிசுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு இப்ப எனக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கோ."

"எங்கயாவது போறீங்களா?"

"நான் எங்க போகப்போறேன்?" என்றார். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. அது வலியா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் முகம் மாறியது. நேரே அக்காவிடம் போனாள். "அண்ணி, உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?" என்று அவள் கேட்பதும், "என்கிட்ட எங்கம்மா சொல்றான், எல்லாம் உனக்குத்தானே தெரியும்" என்று அக்கா சொல்வதும் அரைகுறையாகக் காதில் விழுந்தது. ஒவ்வொரு கிசுகிசுப்பும் அவருக்கு ஒரு ஆணி அடித்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பார்த்தால்தானே இருக்கும்? பார்க்காத வரைக்கும் இல்லைதானே? சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் பயந்துபோன மனுஷனுக்கு அதுதான் பெரிய நியாயமாகப் பட்டது. வியாழன் காலையில், வீட்டில் இருப்பவர்கள் எழுந்து கேள்வி கேட்பதற்குள் குளத்துக்குக் கிளம்பிவிட்டார்.

குளத்தில் அன்று பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு. குளோரின் நெடி வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தது. ஈரத் தரை, மிதவைப் பலகைகள், கண்ணாடிக் கூரையில் முட்டித் திரும்புகிற எதிரொலி. இவர் கரையில் நின்று கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே பழகிவிடலாம் என்று கூடத் தோன்றியது.

வகுப்பில் தொந்தியுள்ள ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி. குதிப்பதற்கு ரொம்ப நாளாகப் பயந்துகொண்டிருந்தவர், அன்று எப்படியோ துணிந்து ஆழப் பக்கத்து மேடையில் ஏறி நின்றுவிட்டார். அதே நேரம் மல்லாந்து மிதக்கப் பழகிய ஒரு பெண், காது தண்ணீருக்குள் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல அந்த மேடைக்கு நேர் கீழே வந்துவிட்டாள்.

சங்கு பார்த்துவிட்டார். "நில்லுங்க!" என்று கத்தினார்.

வாய் திறந்தது. காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

மேடையில் நின்றவர் அவரைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அதற்குள் சங்கு ட்ராக் சூட்டோடு தண்ணீரில் பாய்ந்திருந்தார். பெண்ணின் தோளைப் பிடித்து ஒரு இழுப்பு. அவள் தலை இருந்த இடத்தில் அந்தத் தொந்தி வந்து விழுந்தது. அவளுக்கு வாய் நிறையத் தண்ணீர், கண் நிறையப் பயம், அவ்வளவோடு போயிற்று.

அதிகாரி கரையேறி, நடந்தது புரிந்து, கையைக் கூப்பினார். "சார், நீங்க வாயைத் திறந்து ஏதோ சொன்னீங்க. 'குதிங்க'ன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன் சார். சத்தியமா சார்."

பம்ப் ரூம் ஆள் துண்டைக் கொண்டுவந்து தோளில் போட்டான். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிறவன். அன்றும் விடவில்லை. "சங்கண்ணே, நீங்க ஊதாம இருந்தா பரவால்ல. நீங்க ஊதாததால இன்னொருத்தருக்கு ஊதற மாதிரி ஆயிடும் போலிருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

சங்கு தலையைக்கூடத் துவட்டவில்லை. தனக்கு என்ன வேண்டுமானாலும் வந்துவிட்டுப் போகட்டும் என்று ரெண்டு நாளாக வீறாப்பாக இருந்தவர்தான். ஆனால் அந்தப் பெண்ணின் தலை இருந்த இடம் கண்ணிலேயே நின்றது. வகுப்பை அடுத்த பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

காத்திருக்கும் இடத்தில் மனைவியும் அக்காவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அவரைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். பத்துப் பேர் முன்னால் இப்படிச் செய்கிறாளே என்று அவருக்கு இன்னும் பயம் கூடியது.

டாக்டர் ஒரு நடுவயது அம்மா. மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாருக்கு? என்ன பண்ணுது?" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா உடைந்துவிட்டாள். "என் தம்பிக்கு டாக்டரம்மா. தொண்டையெல்லாம் கட்டி."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு சொன்னாங்க? எங்க ஸ்கேன் எடுத்தீங்க?"

"ஸ்கேன் எல்லாம் எடுக்கல. இதோ, இவன் பொண்டாட்டிதான் சொன்னா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இப்ப இல்லவே இல்லைங்கறா."

"ஊருக்குச் சொன்னது நீங்க அண்ணி! நான் எப்பக் கட்டின்னு சொன்னேன்? குழாய் விஷயத்தைத்தான் அவருகிட்ட மறைச்சேன். வந்த அன்னிலேருந்து தலையில அடிச்சுக்கறேன்."

சங்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ அனுப்பினது என் போன்லயே இருக்கும்மா!" அக்கா பையைத் துழாவி போனை எடுத்து மேஜை மேல் வைத்து அழுத்தினாள். மனைவியின் குரல், பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தத்தோடு வந்தது. *அண்ணி, அவருக்கு இன்னும் சரியாகல. தொண்டையெல்லாம் கட்டி இருக்கு. குழாய் விட்டுப் பாக்கணுமாம். வேற ஒண்ணுமில்ல, அப்புறம் பேசறேன்.*

டாக்டர் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். "தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றார் நிதானமாக. "குரல் கம்மியிருக்குன்னு."

அக்கா போனை முறைத்துப் பார்த்தாள். "ஆனா குழாய் விட்டுப் பாக்கணும்னாளே?"

"அதுக்கு முன்னாடி மிக்ஸியை நிறுத்திட்டுப் பேசியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

மனைவி சிரிப்பும் அழுகையுமாக அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்கு முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? அப்ப அன்னிக்கு நாங்க பேசினதைக் கேட்டீங்களா? அதுக்குத்தான் மெயின் ஸ்விட்ச்சா?"

சங்குவுக்குக் காலில் தெம்பு வந்தது. சிரிக்கப் பார்த்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிரிக்கறதை அப்புறம் வச்சுக்கலாம். கட்டி இருக்குன்னு யாரும் சொல்லல, சரி. இல்லைன்னும் இன்னும் யாரும் சொல்லலியே. பாத்துடலாம் வாங்க."

வந்த தெம்பு வந்த வழியே போனது.

மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்தார்கள். தொண்டை வரை கசந்தது. ஒல்லியான கறுப்புக் குழாய் ஒன்று மூக்கு வழியாக உள்ளே போனது. வலி இல்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாற்காலிக் கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் விரல் நுனி வெளுத்துவிட்டது. எதிரே திரையில் சிவப்பாக, ஈரமாக, ஒரு குகை மாதிரி ஏதோ தெரிந்தது. அது தன் தொண்டை என்று நம்பவே முடியவில்லை.

"ஈ சொல்லுங்க. நீட்டிச் சொல்லுங்க."

"ஈ..." திரையில் வெள்ளையாக ரெண்டு மடிப்பு ஒன்றையொன்று தேடி வந்து, சேராமல் நின்றது.

டாக்டர் குழாயைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். ஓர் இடத்தில் நிறுத்திக் கிட்டப் போய்ப் பார்த்தார். கதவோரம் நின்ற மனைவி மூச்சை விட்டாளா என்று தெரியவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழாய் வெளியே வந்தது.

"கட்டி எதுவும் கண்ணுல படல" என்றார் டாக்டர்.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"குரல் மடிப்பு ரெண்டும் நல்லா வீங்கியிருக்கு. அது கத்திக் கத்தி வந்தது. பின்பக்கம் செக்கச்செவேல்னு இருக்கே, அது வயித்து அமிலம் மேல ஏறி வந்து சுடறதா இருக்கலாம்."

"எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே டாக்டர்" என்று கிசுகிசுத்தார்.

"பல பேருக்கு நெஞ்சு எரியாது. தொண்டை மட்டும்தான் புண்ணாகும். சாப்பிட்டதும் படுத்துடுவீங்களா?"

"கடைசி வகுப்பு முடிச்சு வந்து சாப்பிட்டா, கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள குறட்டை கேக்கும்" என்று மனைவி போட்டுக்கொடுத்தாள். "வாய் பூரா புதினா மிட்டாய் வேற."

"அந்த மிட்டாயை முதல்ல விடுங்க. தொண்டைக்கு ஜில்லுனு இருக்கும், ஆனா சில பேருக்கு வயித்துக்கு மேல இருக்கற வாசலைத் தளர்த்தி விட்டுடும், அமிலம் இன்னும் ஏறும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரமாவது கழிச்சுப் படுங்க, தலைமாட்டை உயர்த்திக்கோங்க. அப்புறம் இந்த 'ம்க்கும்' இருக்கே, ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டு மடிப்பையும் அறையற மாதிரி. செருமணும்னு வந்தா ஒரு வாய் தண்ணி குடிங்க, இல்ல எச்சிலை விழுங்குங்க."

"கத்தறதையும் விட்டுட்டேன் டாக்டர். வீட்ல இப்படித்தான் பேசறேன்."

"இதையும் விடுங்க! கிசுகிசுக்கறது ஓய்வுன்னு யாரு சொன்னது? அதுவும் ஒரு இறுக்கம்தான். ஒண்ணு, பேசாம இருங்க. இல்ல, சாதாரணமா மெல்லப் பேசுங்க."

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பேனாவை மூடாமல் சொன்னார்: "ஆறு வாரம் கழிச்சு வந்து மறுபடி காட்டணும். சரியாயிடுச்சுன்னு நெனச்சு வராம இருந்துடாதீங்க. அப்பவும் வீக்கம் இப்படியே நின்னா அடுத்து என்னன்னு யோசிக்கணும். நடுவுல விழுங்க முடியலை, மூச்சு முட்டுது, ரத்தம் வருது, எடை குறையுதுன்னா அது வரைக்கும் காத்திருக்காம உடனே வாங்க."

அதுதான் இப்போது வீட்டில் எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருக்கிற விஷயம். அந்த ஆறு வாரம்.

அக்கா ஊருக்குத் திரும்பிப் போய், கட்டி என்று சொல்லி வைத்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "கட்டி இல்ல, தொண்டைதான் கட்டியிருக்கு" என்று விளக்கிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் நேரே சங்குவைக் கூப்பிட்டு, "அப்ப ரெண்டு கட்டியா?" என்று விசாரிக்கிறார்கள். அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிடுகிறார்.

குளத்தில் வேலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள், வேலையை விட்டு எடுக்கவில்லை. அவர் கழுத்தில் முதல் முறையாக ஒரு விசில் தொங்குகிறது. முதல் நாள் ஊதியதும் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று. ஒரு ஊதல் என்றால் நில், ரெண்டு என்றால் வா. அதிகாரிக்கு ஒன்றும் ரெண்டும் இன்னும் குழம்புகிறது. மேடைப் பக்கம் யார் ஏறினாலும் சங்குவின் கை தன்னையறியாமல் விசிலுக்குப் போகிறது, தொண்டை தன்னையறியாமல் கத்தத் தயாராகிறது, அதை அடக்கும்போது மறுபடி அந்த "ம்க்கும்" வந்துவிடுகிறது. காலையில் மணல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. உண்மையிலேயே குறைந்ததா, ஆசைப்படுவதால் அப்படித் தெரிகிறதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நிற்பதையும் இன்னும் முழுசாக விடவில்லை.

படிக்கிற உங்களில் குரலை நம்பிப் பிழைக்கிறவர்கள் இருப்பீர்கள். வாத்தியார், ஏலம் விடுகிறவர், கண்டக்டர், கடையில் கூவி விற்கிறவர், யாராக இருந்தாலும் சரி. இப்படித் தொண்டை மாதக்கணக்கில் படுத்தி எடுத்து, அப்புறம் சரியானது உண்டா? கத்தாமல் கூட்டத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? அந்தச் செருமலை எப்படி விட்டீர்கள்? ரெண்டாவது தடவை டாக்டரிடம் காட்டப் போகும் வரைக்கும் மனசை எப்படி வைத்துக்கொண்டீர்கள்? தயவுசெய்து கீழே பதில் போடுங்கள். ஒரு வரியானாலும் போதும், அவர் மனைவி படித்துக் காட்டுவாள். ஆனால் எழுத்தில் எழுதுங்கள். குரல் செய்தி மட்டும் வேண்டவே வேண்டாம்.